பேட்டரி போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கார் பேட்டரி விக்கிற கடைக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள், உங்க பேப்பர்ல போட்டா நாலு பேரு கண்ணுல படும். வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு போன் பண்ணா வர்றவுக பானெட்டத் தூக்குன கையோட "பேட்டரி போச்சு, புதுசு போட்ருவோம்"னுதான் சொல்றாக. வோல்ட் பாக்குற மீட்டர் வச்சுப் பாக்குறதே கெடையாது. பழசையும் எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டுப் போயிடுறதால அது நெசமாவே போச்சா இல்லையான்னு அதுக்கப்புறம் யாரும் பாக்கவும் முடியாது.

நம்ம பக்கம் இது அதிகமா நடக்குறதுக்குக் காரணம் இருக்கு. பெரிய வீடுக நெறைய பூட்டிக் கெடக்கு, ஆளுக மெட்ராஸ்லயும் சிங்கப்பூர்லயும் இருக்காக, படைப்புக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ வரும்போதுதான் ஷெட்டுல நிக்கிற காரத் தொடுறாக. சும்மா நிக்கிற கார்லயும் கடிகாரம், அலாரம், உள்ள இருக்க கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கரண்ட்ட இழுத்துக்கிட்டேதான் இருக்கும். 50 மில்லிஆம்ப் இழுக்குதுன்னு வச்சுக்கங்க, 30 நாளைக்கு 36 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில எவ்வளவு கரண்ட் இருக்குன்னு சொல்ற கணக்கு) ஆச்சு, சின்ன கார் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 35 தான். அப்ப ரெண்டு மாசம் நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா அதுல அதிசயம் என்ன இருக்கு? ராத்திரி பூரா மெதுவா சார்ஜ் போட்டா பல பேட்டரி எந்திரிச்சுரும். ஆனா சார்ஜ் இல்லாமயே மாசக்கணக்குல விட்டுட்டா உள்ள தகட்டுல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிரும், அது திரும்பாது. ஊருக்குக் கெளம்பும்போது 10 எம்எம் ஸ்பேனர் வச்சு நெகட்டிவ் ஒயரக் கழட்டி வச்சிட்டுப் போனா இந்தத் தொல்லையே வராது, காவக்காரர்ட்ட சொன்னாலே செஞ்சு குடுப்பாரு.

சோதிக்கிறது பெரிய வித்தையும் இல்ல. வண்டி சில மணி நேரம் நின்னப்புறம் மீட்டர் 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல் சார்ஜ், 12.2ன்னா பாதி, 11.8க்குக் கீழ போனா காலி. சார்ஜ் ஏத்துன பேட்டரி சாவியத் திருப்பி ஸ்டார்ட்டர் சுத்துறப்ப 9.6க்குக் கீழ விழுந்தா அப்ப சொல்லுங்க பேட்டரிக்கு வயசாயிருச்சுன்னு, நானும் ஒத்துக்கிறேன், நம்ம ஊரு வெயிலு பேட்டரிக்கு எமன்தான். இஞ்சின் ஓடும்போது 13.8லேர்ந்து 14.5க்குள்ள வரணும், வரலன்னா கோளாறு பெரும்பாலும் வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்லயோ அதோட பெல்ட்லயோதான், அதச் சரி பண்ணாம புது பேட்டரி போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல படுத்துரும். மீட்டர் இல்லாதவுக ஹெட்லைட்டப் போட்டு சாவியத் திருப்பிப் பாருங்க. லைட்டு மங்கி டக்கு டக்குன்னு அடிச்சா சார்ஜ் எறங்கியிருக்கும், இல்ல கனெக்ஷன் லூஸு. லைட்டு கொஞ்சமும் மங்காம ஒண்ணுமே நடக்கலன்னா ஸ்டார்ட்டர் பக்கம் பாக்கச் சொல்லுங்க.

எங்க தெருவுல ஒரு ஆச்சி வீட்டு வண்டி. டிரைவர் வாரா வாரம் எடுத்து ஓட்டுற வண்டிதான், சிவராத்திரிக்கு மகன் குடும்பத்தோட வந்திருந்தப்ப ஸ்டார்ட் ஆகல. கடையிலேர்ந்து வந்த தம்பி புதுசுக்கு வெலையும் சொல்லிட்டாரு. நான் எங்கிட்ட இருந்த மீட்டரக் கொண்டுபோய் வச்சா 12.5 காட்டுது. டிரைவர சாவியத் திருப்பிப் புடிக்கச் சொல்லிட்டு, மீட்டரோட ஒரு முனைய பேட்டரியோட ஈய முளை மேலயும் இன்னொண்ண அதுல மாட்டியிருக்க கிளாம்ப் மேலயும் வச்சேன். தொட்டுக்கிட்டு இருக்க ரெண்டுக்கும் நடுவுல அர வோல்ட்டே அதிகம், அங்க 4 வோல்ட்டுக்கு மேல நிக்குது, அவ்வளவும் ஸ்டார்ட்டருக்குப் போகாம அங்கேயே வீணாகுதுன்னு அர்த்தம். கழட்டிப் பாத்தா கிளாம்புக்குள்ள வெள்ளையும் பச்சையுமா பூத்துக் கெடக்கு. சுடுதண்ணில சோடாமாவக் கரைச்சு ஊத்தித் தொடச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, இறுக்கி வாசலின் தடவுனோம், ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆயிருச்சு. அந்தத் தம்பி பாவம், "கடையில எங்களுக்கு மீட்டரே குடுக்கலண்ணே"ன்னாரு. அவரக் கொற சொல்லி என்ன செய்ய, மொதலாளிமாருகதான் இதப் பாக்கணும்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் எடமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டி, 1953ல தொறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம காரைக்குடியிலதான் இருக்கு. பேட்டரி ஆராய்ச்சிக்குன்னே பேர் போன எடம். அங்க உள்ள விஞ்ஞானிக மனசு வச்சு இந்தச் சுத்துவட்டார மெக்கானிக் பசங்களுக்கும் ஐடிஐ மாணவங்களுக்கும் ஒரு நாள் வகுப்பு எடுத்தா அவ்வளவு நல்லாருக்கும். கடைக்காரங்க ஆளுக்கொரு மீட்டர் வாங்கிக் குடுங்க, சில நூறு ரூபாதான். புது பேட்டரி போடுறதுக்கு முன்னாடி பழசுல வண்டி நிக்கும்போது எவ்வளவு, ஸ்டார்ட்டர் சுத்தும்போது எவ்வளவுன்னு வீட்டுக்காரர் முன்னாடியே பாத்து பில்லுல எழுதிக் குடுங்க. வாங்குறவுகளும் அந்த ரெண்டு நம்பர் இல்லாம காசு குடுக்காதீக.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.