வயசானா அப்படித்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுமையைப் புன்னகையோடு எதிர்கொள்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிரியுங்கள், தியானம் செய்யுங்கள், பழசையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள், பேரக்குழந்தைகளோடு விளையாடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றும் தப்பில்லை. (பேரக்குழந்தைகள் டல்லாஸில் இருந்தால் எப்படி விளையாடுவது என்று எங்கள் நங்கநல்லூரில் தெருவுக்கு நாலு பேர் கேட்பார்கள். அதை விடுங்கள்.) எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நம்பிக்கையோடு வயதாவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையைக் கெடுப்பது எது என்று கட்டுரை சொல்லவில்லை. என்னைக் கேட்டால், ‘வயசானா அப்படித்தான்’ என்கிற பேச்சுதான்.

இதை யார்தான் சொல்வதில்லை? பிள்ளைகள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். எல்லாரையும்விட அதிகமாக நாமே சொல்லிக்கொள்கிறோம். காது மந்தமா, முட்டி வலியா, தும்மினால் சிறுநீர் கசிகிறதா, ராத்திரி தூக்கம் வரவில்லையா, சாப்பாடே பிடிக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே மருந்துச்சீட்டு.

என் நாத்தனார் ஆளே மாறிப்போனார். நாம் ஒன்று கேட்டால் அவர் வேறு சொல்வார். அடுப்பை அணைக்க மறந்தார். நாலு பேர் கூடினால் எழுந்து உள்ளே போய்விடுவார். பார்த்த டாக்டர் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறதி நோய் வந்துவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டி, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. அப்புறம் ஒரு முதியோர் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ரத்தப் பரிசோதனையில் பி12 என்கிற வைட்டமின் சத்து மிகவும் குறைவு. காதும் பாதிக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. ஊசி போட்டு, காது கருவி வைத்து, சில மாதங்கள் போனதும் காய்கறிக்காரரிடம் பழையபடி கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவரிடம் யாரும் ‘நம்பிக்கையோடு இருங்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு மூன்றுமே வெளியிலிருந்து பார்த்தால் மறதி நோய் மாதிரியே தெரியலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளால் உடம்பில் சோடியம் குறைந்தாலோ, சிறுநீரில் தொற்று வந்தாலோ, நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் இன்று திடீரென்று உளறலாம். நிஜமான மறதி நோயும் இருக்கிறது, அதை முழுசாகக் குணப்படுத்த இன்னும் வழியில்லை. ஆனால் வந்திருப்பது எது என்று பார்க்க வேண்டாமா?

இதைப் பார்க்கச் சென்னையில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு 1978-லேயே வந்துவிட்டது. டாக்டர் வி.எஸ்.நடராஜன் போன்றவர்கள் வளர்த்த துறை அது. முதியோர் மருத்துவத்துக்கு நாட்டிலேயே முதன்முதலாக எம்.டி. படிப்பு 1996-ல் தொடங்கியதும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2024-ல் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் 200 படுக்கைகளோடு திறந்தார்கள். இத்தனை இருந்தும், குழந்தைக்குக் குழந்தை மருத்துவரைத் தேடுகிற நாம், பாட்டிக்கு என்று வரும்போது தெருமுனை மருந்துக்கடையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கட்டுரையாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பெக்கா லெவி என்ற யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2002-ல் ஒரு முடிவை வெளியிட்டார். ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 50 வயது தாண்டிய 660 பேரின் விவரங்களைப் பார்த்ததில், வயதாவதைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். (ஏழரை என்றால் நமக்குச் சனி ஞாபகம் வரும். இது நல்ல ஏழரை.) ஆனால் அந்த எண்ணம் எழுபது வயதில் புதிதாக முளைப்பதில்லை, கிழவன் கிழவி என்றால் இப்படித்தான் என்று சின்ன வயதிலிருந்து சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு உள்ளே போகிறது என்பதும் அவர் சொல்வதுதான். அப்படியானால் உபதேசம் எங்களுக்கு மட்டும் ஏன்? தாத்தாவுக்கு எதிரிலேயே ‘அவருக்கு ஒண்ணும் புரியாது’ என்று சொல்கிற நாற்பது வயதுக்காரருக்கும் ஒரு கட்டுரை எழுதுங்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்து அவருக்கே அது பயன்படும்.

உடம்பு விஷயத்திலும் இதே கதைதான். ‘இந்த வயசுல உடற்பயிற்சியா, விழுந்து கிழுந்து வைக்காதே’ என்கிறார்கள். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறை ஒட்டிய வயதினருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தபோது, அவர்களுக்கே கால் பலம் நன்றாகக் கூடியது. 65 தாண்டியவர்கள் நடைப்பயிற்சியோடு நிற்காமல், தடுமாறாமல் நிற்கவும் தசை பலம் பெறவும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நாமோ ‘ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்’ என்று பருப்பையும் முட்டையையும் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பதிக்கப் பெரிய செலவில்லை. அதைப் பதித்தால் கிழவியாகிவிட்டேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என எத்தனை பேர் தள்ளிப்போடுகிறார்கள் தெரியுமா?

வெளியே போவது பற்றியும் சொல்ல வேண்டும். 60 தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. 2024 முதல் தாழ்தளப் பேருந்துகளும் மறுபடி ஓடுகின்றன. ஏறி இறங்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் அந்த நிறுத்தம் வரை போக நடைபாதை வேண்டுமே. இருக்கிற இடத்தில் பைக் நிற்கிறது, பைக் இல்லாத இடத்தில் கல் பெயர்ந்து கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். இவ்வளவு பேருக்கும் வீட்டுக்குள்ளேயே இருந்து சிரிக்கச் சொல்வதைவிட நடைபாதையைச் சரிசெய்வது சுலபம்.

எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. என் கணவர் இல்லை. தோழிகளில் பலர் இல்லை, அவர்கள் எண்கள் மட்டும் போனில் இருக்கின்றன. அதற்குச் சிரிப்பு யோகா செய் என்றால் எனக்குக் கோபம்தான் வரும். அழ வேண்டியதற்கு அழுதுவிட்டு, சாயங்காலம் நாலு பேரோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது எனக்குப் போதுமாக இருக்கிறது. அதுவும் போதாமல் மாசக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அது வயது இல்லை, மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு முதியோர் மருத்துவரை அழைத்து, வாசகர் கேள்விகளுக்கு வாரம் ஒரு பக்கம் பதில் சொல்ல வையுங்கள். அந்தப் பக்கத்தின் மேலேயே முதியோர் உதவி எண் 14567-ஐ அச்சிடுங்கள். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை - 61