நூலகத்தில் நாலு கவுன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் என்று நினைத்துவிடாதே. வலது கை நடுவிரலில் ஊசியின் பின்முனை குத்திக் குத்தித் தோல் காய்த்து வெடித்திருக்கிறது. பேனா பட்டாலே சுருக்கென்கிறது. விரல் உறை போட்டுத் தைக்க நான் இன்னும் பழகவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குள் தனியாக நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் சொல்லும்வரை மாடிப்படி ஏறாதே. உன் வீம்பு எனக்குத் தெரியும்.

சரி, என் சேதிக்கு வருகிறேன். ஆறு வருடமாக நான் தைத்துத் தைத்துப் பீரோவில் அடைத்து வைத்திருந்தேனே, அந்தப் பழைய காலத்து உடுப்புகள், அதில் நாலு இப்போது எங்கள் நூலகத்தின் முன்கூடத்தில் நிற்கின்றன. நூலகர்தான் கேட்டார். புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன அன்று என் பையிலிருந்து பாதி தைத்த கோர்செட் ஒன்று, அதுதான் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான உள்சட்டை, எட்டிப் பார்த்தது. "இது என்னம்மா?" என்றார். கேட்டால் நான் நிறுத்துவேனா? அரை மணி நேரம் கழித்து, ஒரு மாதத்துக்குக் கூடத்தைத் தருகிறேன் என்று அவரே சொன்னார். என் வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லையோ என்னவோ.

அவர் போட்ட முதல் நிபந்தனை: பூச்சி இருக்கக் கூடாது. நியாயம்தான். கம்பளியிலும் பட்டிலும் வரும் பூச்சி புத்தக அட்டையை மட்டும் விட்டுவைக்குமா? அதனால் ஒவ்வொரு உடுப்பையும் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தேன். ஃப்ரீசரைத் திறந்தால் உள்ளே 1770களின் கவுன் சுருண்டு கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அப்புறம் வெளிச்சம். மியூசியங்களில் துணி இருக்கும் அறையில் ஏன் கண்ணே தெரியாத அளவுக்கு இருட்டு என்று நீயும் நானும் ஒரு தடவை அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள்; பழந்துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் படவிடுவதில்லை. சாயம் ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான், இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது. என்னுடையது புதுத் துணி என்றாலும் பட்டு பட்டுதானே. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இடம் குறித்தேன்.

எல்லாவற்றையும் விடப் படுத்தியது பொம்மைகள்தான். துணிக்கடைப் பொம்மைக்கு இன்றைய உடம்பு: அகலத் தோள், நீளக் கால். 1770களின் பெண் உடம்போ கோர்செட்டுக்குள் கவிழ்த்து வைத்த கூம்பு மாதிரி. மார்பு மேலே ஏறி, தோள்கள் பின்னால் போய், முதுகு தட்டையாக இருக்கும். பெரிய பொம்மையைச் சின்னதாக்க முடியாது, சின்னதைப் பெருக்கலாம். ஆகவே இருப்பதிலேயே ஒல்லியானவற்றைத் தேடிப் பிடித்து, பஞ்சும் பழைய காலுறைகளும் சுற்றிச் சுற்றி உடம்பு வரவழைத்தேன். அதன் மேல் உள்ளாடை, கோர்செட், இடுப்பில் கட்டும் பை, இடுப்புத் திண்டு, உள்பாவாடை இரண்டு, கடைசியில்தான் கவுன். இதில் ஒன்றை விட்டாலும் கவுன் ஈரத்துணி மாதிரி தொங்கும். காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இதை வேடிக்கை பார்த்தார்கள்.

கோர்செட் பற்றி உன்னிடம் மட்டும் ஒரு ரகசியம். அந்தக் காலத்தில் உள்ளே விறைப்புக்கு வைத்தது திமிங்கில எலும்பு என்பார்கள். உண்மையில் அது எலும்பே இல்லை, திமிங்கிலத்தின் வாயில் இரையை வடிகட்டும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். என்னுடையதில் இருப்பது ஒயர் கட்டுகிற கேபிள் டை. சிரிக்காதே. உடம்புச் சூட்டில் வளைந்து கொடுப்பதில் அதற்கு இணையாக எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

நூலகத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டிகள் புத்தகத்துக்காகச் செய்தவை. ஆழம் ஒரு முழம்கூட இல்லை. தொப்பி, கையுறை, இடுப்புப் பை எல்லாம் அதில் அடங்கின. கவுன்கள் அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் தாழ்வான மேடை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, வெட்டவெளியில் நிறுத்தினோம். "தொடாதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

தொட்டார்கள். முதல் நாள் சாயங்காலமே வெள்ளை மஸ்லின் கவுனின் கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன விரல் அடையாளம். இரண்டாம் நாள் ஊதாப் பட்டின் பின்பக்கம் யாரோ மிதித்து ஒரு சாண் பிரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாமா என்றிருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். மியூசியத்தில் கை வைக்க விடாததற்குக் காரணம் உண்டு. கையின் எண்ணெயும் வேர்வையும் இருநூறு வருடத்துத் துணியைத் தின்றுவிடும். நான் ஏன் விடாமல் இருக்கிறேன்? கெட்டால் திரும்பத் தைக்க எனக்குத் தெரியும். அசலுக்கு முன்னால் என் கவுன்கள் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதானே இருக்கிறது?

மறுநாள் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டேன். கவுன்களின் துணியில் ஒவ்வொரு துண்டு, பாதி தைத்த கை ஒன்று, கேபிள் டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோர்செட், பாவாடையை விரித்து நிறுத்தும், மூன்று வளையம் போட்ட கிரினோலின் கூடு. "தொடாதீர்கள்" அட்டையை எடுத்துவிட்டு "இங்கே தொடலாம்" என்று மேசையில் வைத்தேன். கயிற்றைத் தாண்டிய கைகள் முக்கால்வாசி அங்கே திரும்பிவிட்டன.

பிள்ளைகளுக்குக் கிரினோலின்தான் எல்லாம். அதற்குள் உட்கார்ந்து ஒளிந்துகொள்கிறார்கள். எஃகு வளையக் கூடு 1856 வாக்கில் வந்தது. அதுவரை பாவாடை விரிந்து நிற்கக் குதிரைமயிர் நெய்த விறைப்புத் துணியும் கஞ்சி போட்ட உள்பாவாடைகளுமாக அடுக்கடுக்காய்ச் சுமந்தவர்களுக்குக் கூடு வந்ததும் கால் விடுதலை ஆகியிருக்கும். நாம் அதைச் சிறை என்று நினைக்கிறோம்! தீயின் பக்கம் போனால் ஆபத்து என்பது வேறு விஷயம். மேடையில் ஊதாப் பட்டுக் கவுனை அதே மாதிரிக் கூட்டின் மேல் போட்டதும் வேண்டுமென்றேதான். அதே 1856இல்தான் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியா மருந்தான குயினைன் செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான்.

மஸ்லின் கவுனைப் பார்த்து ஒரு சிறுமி, "அம்மா, நைட்டி!" என்று கத்தினாள். அம்மாவுக்குச் சங்கடம். நான் அந்தக் குழந்தையின் கட்சி. 1783இல் பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத்தை இதே மாதிரி வெள்ளை மஸ்லினில் விஜே லெப்ரன் என்ற ஓவியர் வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது, ராணி உள்ளாடையோடு நிற்கிறாளே என்று கூச்சல் கிளம்பிப் படத்தையே இறக்கிவிட்டார்கள். கொஞ்ச வருடத்தில் ஊரே அதை உடுத்தியது.

நாலாவது, 1880களின் பின்திண்டு கவுன், யாரையும் நிற்க வைக்கவில்லை. எனக்கும் அதன் மேல் அவ்வளவு பிரியம் இல்லை, விடு.

எழுத வேண்டும் என்று நான் துடித்தது வேறொருவரைப் பற்றி. தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர். ஒரு வாரம் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மேசையில் இருந்த அந்தப் பாதிக் கையை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்பக்கம் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். தோளருகே வந்ததும் விரல் நின்றது. "கை அடியில மட்டும்தானே தையல் இருக்கு? மேலே சும்மா மடிச்சு வெச்சு, அதுக்கு மேல தோள்பட்டியை மூடியிருக்கு. ஆளை நிக்க வெச்சு மாட்டினதா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள நான் மூன்று காடாத் துணி மாதிரிகளை வெட்டிப் பாழாக்கியிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டுக் கவுனில் கையின் அடிப்பாதியை முதலில் தைத்துவிட்டு, மேல்பாதியை ஆள் உடம்பின் மேலேயே மடித்துக் குண்டூசி குத்தி, அதை மறைத்துத் தோள்பட்டியை வைத்துத் தைப்பார்கள். ஐம்பது வருடம் டைலர் வேலை பார்த்தவராம். அப்புறம் கீழ்ப்பாவாடையின் மூட்டைப் பார்த்தார். "இது என்ன, இவ்வளவு பெரிய தையல்? அவசரமா?"

அவசரம் இல்லை ஐயா, அவர்கள் அப்படித்தான் தைத்தார்கள் என்றேன். அந்தக் காலத்தில் துணிதான் விலை, கூலி மலிவு. நாளைக்குக் கவுனைப் பிரித்து வேறு மாதிரி தைக்கலாம் என்று பாவாடை மூட்டுகளை நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு விட்டிருப்பார்கள். கரை இருக்கும் இடத்தில் பிசிறு மடிக்கவே மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டிருப்பார்கள். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு நம் தையல் டீச்சர் ஞாபகம் வந்தது. ரவிக்கையை வாங்கியதும் உள்பக்கம் திருப்பி, ஊசிமுனையால் மூட்டை நெம்பிப் பார்ப்பாரே! உன் பாவாடையை மூன்று தடவை பிரிக்க வைத்தார். பிரெஞ்சு ராணியின் வெர்சாய் அரண்மனைக்குத் தைத்தவள் யாரும் அவரிடம் பாஸ் ஆகியிருக்க மாட்டாள்.

அன்று ராத்திரியே 1770களின் கவுனின், அதாவது பூப்போட்ட சீட்டித் துணிக் கவுனின், மேல்சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி பொம்மையில் மாட்டிவிட்டேன். லைனிங்கில் உள்ள ஒட்டு, கோணல் தையல், நான் சிந்திய ஒரு பொட்டு ரத்தம் எல்லாம் இப்போது ஊர் பார்க்க. அதன் முன்னால்தான் கூட்டம் நிற்கிறது. அந்தச் சீட்டித் துணிக்கே ஒரு கதை உண்டே. சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்போடு கையால் எழுதி ஐரோப்பாவுக்குப் போன பருத்தி, அங்கே இருந்த பட்டு, கம்பளி நெசவாளர்கள் வயிற்றில் அடித்ததால் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை போட்டது. இங்கிலாந்தும் 1774 வரை விடவில்லை. என்னுடையது அச்சுத் துணிதான், எழுதியது இல்லை. அதையும் அட்டையில் எழுதிவிட்டேன்.

அட்டை என்றதும் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் "1775, பருத்திக் கவுன்" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரு பாட்டி பேரனிடம், "கிட்டப் போகாதே, இருநூத்தம்பது வருஷத்துத் துணி, மூச்சுப் பட்டா உதிர்ந்துடும்" என்றார். கூசிப் போய்விட்டேன். இப்போது ஒவ்வொன்றிலும் நான் தைத்த வருடம், அசலில் என்ன துணி, என்னுடையதில் என்ன துணி, எங்கே மெஷின் ஓட்டினேன் எல்லாம் இருக்கிறது. மெஷின் ஓட்டினாயா என்று நீ கேட்பாய். ஆமாம், சீட்டிக் கவுனின் உள்பாவாடையில் நாலு நீள மூட்டு. எலியாஸ் ஹோ தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1846இல்தான். எழுபது வருடப் பித்தலாட்டம். பெரியவர் அதையும் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த மாசக் கடைசி வரை கவுன்கள் இருக்கும். கூடம் தரைத்தளம், படி கிடையாது. உன் முழங்காலைச் சாக்குச் சொல்ல முடியாது. நீ வரும் நாளைச் சொன்னால் பெரியவரையும் இருக்கச் சொல்கிறேன்.

வரும்போது மறக்காமல் ஒன்று: நாம் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்ட அந்த ஊதாப் பட்டில் உன் பங்கு இன்னும் பெட்டியில் கிடக்கிறதா? ஒரு முழம் போதும். மிதிபட்ட இடத்தில் வேறு ஊதா வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அன்புடன்,
உன் தோழி