காலையில் 15 நிமிடம்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் டிவி சத்தமே இல்லை.

நீ டீம் லீட் ஆனதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் காலை ஸ்டாண்டப், அதாவது டீம் தினமும் நின்றபடியே நடத்தும் சின்னக் கூட்டம், முக்கால் மணி நேரம் இழுக்கிறது, எல்லாரும் கடமைக்குப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, எனக்கு என் பழைய டீம் ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்தே நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதும் இல்லை என்று ஒப்பிப்பார்கள். ஒரு பையன் நான்கு நாளாக "போய்க்கிட்டிருக்கு" என்றே சொன்னான். டெஸ்ட் சர்வருக்கு அனுமதி கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைக் கொடுக்க வேண்டியவர் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார்! யாராவது தடை என்றால் "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று நான் கேட்பது வழக்கம். அவன் வாயை அடைத்தது அந்தக் கேள்விதான். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டியை ஒழுங்காகப் படித்தேன். வேலையைச் சிறு சிறு காலக்கட்டங்களாகப் பிரித்து டீமாகச் செய்யும் முறைதான் ஸ்க்ரம். 2020 பதிப்பில் நேற்று, இன்று, தடை என்ற அந்த மூன்று கேள்விகளே கிடையாது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 15 நிமிடம். ஸ்பிரின்ட் என்கிற அந்தச் சிறு காலக்கட்டத்தின் இலக்கை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறோம், அடுத்த ஒரு நாளுக்கு என்ன திட்டம் என்று டெவலப்பர்கள் தங்களுக்காகப் பேசிக்கொள்ளும் கூட்டம் அது. லீடிடம் கணக்கு ஒப்படைக்கும் இடமே இல்லை.

ஆட்களை வரிசையாகக் கேட்பதை விட்டுவிட்டு, வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஜிரா மென்பொருளின் போர்டைத் திறந்து வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தோம். முடியும் தறுவாயில் இருக்கும் வேலைதான் முதலில். "இதை இன்னைக்கே முடிக்க யாரெல்லாம் கூட நிக்கறீங்க?" இந்த ஒரு கேள்விதான். போர்டை ஆளுக்கொரு நாள் ஓட்டினார்கள், நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். பேச்சு நீண்டால் சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் கூட்டம் முடிந்ததும் இருந்து பேசுவார்கள். மேனேஜருக்கு நிலவரம் வேண்டுமானால் போர்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும், அதற்காக ஒன்பது பேரை நிறுத்தி வைக்காதே. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வரும் ஒருவருக்காக நேரத்தையும் பத்தேகாலுக்கு மாற்றினோம்.

முதல் வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. உடனே நீ புகுந்து பேசிவிடாதே, மாப்ள, அந்த மௌனத்தைத் தாங்கு. மூன்றாவது வாரம் அதே பையன் கூட்டம் தொடங்கியதுமே, "நான் ஒண்ணுல மாட்டிக்கிட்டேன்" என்றான். இரண்டு பேர் உடனே அவன் பக்கம் திரும்பினார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆரம்பித்துப் பார்த்துவிட்டு எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், நேரில் பேசுவோம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்