பூமலைக்கு வந்த பாறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, "சிங்கப்பூரில் ஏது கழுகு? காக்காயும் மைனாவும்தான்" என்றார் ஒரு பெரியவர். அதைக் கேட்டதிலிருந்து இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2021 டிசம்பர் 29ஆம் தேதி பூமலையில், அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில், ஐந்து இமயப் பாறுகள் வந்திறங்கின. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. கூடவே ஆறாவதாக, உடலெல்லாம் கருத்த இன்னொரு பறவை. அதுதான் சினேரியஸ் பாறு. சிறகு விரித்தால் மூன்று மீட்டர் வரை வரும். ஸ்பெயின் தொடங்கி மங்கோலியா வரை கூடு கட்டும் இந்த இனத்தை அதற்குமுன் சிங்கப்பூரில் யாரும் பதிவு செய்ததில்லை. வந்த பறவை பறக்கத் தெம்பில்லாமல் ஒடுங்கிவிட்டது. ஜூரோங் பறவைப் பூங்காவில் வைத்துத் தேற்றி, அடுத்த மாதம் பறக்கவிட்டார்கள்.

பார்த்தவர்கள் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் இது பதிவாயிற்று. ஒரு நாட்டுக்குப் புதிய இனம் என்று சொல்லிவிட்டால் போதாது. இமயப் பாறின் இளம்பறவைக்குச் சிறகின் அடியில் வெளிறிய கோடு தெரியும். சினேரியஸுக்கு அது இல்லை, முழுக்கக் கருமைதான். காலில் வளையம் இருக்கிறதா, வால் இறகு கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வளர்ப்பிடத்திலிருந்து தப்பிய பறவையை வலசை வந்ததாகக் கணக்கில் சேர்க்க முடியாதல்லவா?

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலை, உட்லண்ட்சில் எங்கள் பதினோராம் மாடியிலிருந்து பார்த்தபோது, ஜோகூர் நீரிணைக்கு மேல் பெரிய பறவை ஒன்று சிறகசைக்காமல் வட்டமிட்டது. இரண்டு காகங்கள் அதைத் துரத்தின. அதன் பக்கத்தில் அவை குருவிபோல் இருந்தன. கைப்பேசியில் நான்கு படம் எடுத்தேன். மங்கலாக இருக்கிறதே என்று அன்று மாலையே அழித்துவிட்டேன். தேதியும் குறித்து வைக்கவில்லை. அது என்ன பறவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே வாசகர்களே, மங்கலான படத்தையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதி, பறவை ஆர்வலர் அமைப்புகளுக்கு அனுப்புங்கள். தரையில் சோர்ந்து கிடந்தால் நெருங்காமல் தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள்.

ஆசிரியரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: செப்டம்பரில் வலசை தொடங்கும்போது, இங்கு வரும் கழுகு, வல்லூறு, பாறு ஆகியவற்றின் படங்களைத் தமிழ்ப் பெயரோடு வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். கீழ்த்தளத்துப் பெரியவருக்கு முதல் இதழை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
வாசகர்,
உட்லண்ட்ஸ்