தம்பிக்கு, காட்மாண்டுவிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே தீபாவளிக்குத் திகார் என்று பேர். ஐந்து நாள். முதல் நாள் காகத்துக்கு. வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டபோது நம் கணுப்பிடிதான் ஞாபகம் வந்தது. மறுநாள் சதுர்த்தசி, நீங்கள் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள். இங்கே அது நாய்களின் நாள். தெருமுனையில் கிடக்கும் நொண்டி நாய்க்குக்கூட சாமந்தி மாலை, நெற்றியில் சிவப்புத் திலகம்! எமன் வாசலைக் காப்பது நாய்தானாம். லட்சுமி பூஜை ராத்திரி தெருவெல்லாம் அகல்விளக்கு. பெண்கள் பைலோ பாடிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். அரிசிமாவை எண்ணெயில் வளையமாக ஊற்றிச் சுடும் செல் ரொட்டி கொடுத்தோம்.

ஐந்தாம் நாள்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று பாய் டீகா, அக்கா தங்கைகள் கூடப்பிறந்தவனுக்காகச் செய்வது. வீட்டுக்கார அம்மா தன் தம்பியை உட்கார வைத்து, அவரைச் சுற்றிக் கடுகெண்ணெயால் கோடு போட்டார். எமன் அதைத் தாண்ட மாட்டானாம். வாசற்படியில் வால்நட்டைக் கல்லால் ஒரே போடாகப் போட்டு உடைத்தார். பிறகு நெற்றியில் ஏழு நிறப் பொட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். தம்பிக்கு அறுபது வயதிருக்கும். சின்னப் பிள்ளைபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கழுத்தில் மக்மலி மாலை. என்னவென்று பார்த்தால், நம் கொல்லையில் பூக்கும் வாடாமல்லியேதான்! காய்ந்தாலும் நிறம் போகாது என்பதால்தான் அந்தப் பூ.

நான் முகம் வாடி நின்றதைப் பார்த்து, "ராணி போக்ரிக்குப் போய் வா" என்றார். 1670-இல் பிரதாப மல்ல ராஜா, மகனை இழந்த ராணிக்காக வெட்டிய குளம் அது. 2015 பூகம்பத்தில் நடுக்கோயில் இடிந்து, 2020-இல் திரும்பக் கட்டினார்கள். வருஷத்தில் பாய் டீகா அன்றுதான் அந்தக் கோயில் திறக்கும். கூடப்பிறந்தவர் இல்லாதவர்கள் அங்கே போய்த் திலகம் இட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் போக மனம் வரவில்லை. எனக்குத்தான் நீ இருக்கிறாயே.

ஒரு மக்மலி மாலை வாங்கி உன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். மஞ்சள் கொத்து வாங்கும்போது நல்ல அகல இலையாகப் பார்த்து வாங்கி வை. இந்த வருஷம் கணுப்பிடி நானே வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா