பழைய மேலங்கியை அப்படியே வைத்து வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கும் காற்றுக்கும் அணிகிற மேலங்கி நைந்துபோனால், தையலைப் பிரித்துத் துண்டுகளைப் புதுத் துணிமேல் வைத்து வெட்டினால் அதே அளவில் இன்னொன்று தைத்துவிடலாம் என்று தங்கள் நாளிதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. யோசனை நல்லதுதான். உடம்புக்குப் பழகிய அங்கியைவிட நல்ல அளவுச் சட்டை வேறு கிடைக்காது. ஆனால் ‘அப்படியே வைத்து வெட்டுங்கள்’ என்று சொன்ன இடத்தில்தான் மூன்று மீட்டர் துணி வீணாகும். பல ஆண்டு உழைத்த அங்கி, தைத்த அன்றிருந்த அளவில் இருக்காது. முழங்கை புடைத்திருக்கும். பையில் போட்ட கனம் முன்பக்கத்தைக் கீழே இழுத்திருக்கும். கழுத்து வளைவு நெசவு நூலுக்குச் சாய்வாகப் போவதால் நெகிழ்ந்திருக்கும். பருத்தியென்றால் கையின் நீளமே சுருங்கியிருக்கும். இந்தக் குறையெல்லாம் புது அங்கியிலும் ஏறிவிடும்.

பிரிப்பதற்கு முன், பிரிக்கத்தான் வேண்டுமா என்று பார்ப்பது முக்கியம். தோள்பட்டைத் துணியை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இழுத்துப் பாருங்கள். நூல் விலகினாலோ மெல்லிய சத்தத்தோடு கிழிந்தாலோ துணியின் ஆயுள் முடிந்தது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள நைலான் அங்கியில் அந்தப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தாலும் பிசுபிசுத்தாலும் அதற்கும் மாற்று வழி இல்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து பூச்சிலுள்ள பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைச் சிதைத்துவிட்டன என்று அர்த்தம். மேலே எதைத் தெளித்தாலும் ஒட்டாது. மற்றபடி கஃப், காலர், ஜிப் போனதற்காக அங்கியையே மாற்ற வேண்டாம். ஜிப் மூடிய பிறகும் ரன்னருக்குப் பின்னால் வாய் பிளந்தால், பற்கள் ஒழுங்காக இருக்கும்பட்சத்தில், தேய்ந்தது ரன்னர் மட்டுமே. அதன் பின்புறத்தில் 5, 8, 10 என்று எண் பொறித்திருக்கும். அதே வகையில், அதே எண்ணில் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும்.

துணி முடிந்துதான் போய்விட்டது என்றால், பிரிக்கும் முன் ஒருமுறை அங்கியைப் போட்டுக்கொண்டு இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். கீழ்விளிம்பு எவ்வளவு ஏறுகிறது, மணிக்கட்டு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாதியை மட்டும் பிரியுங்கள். மறுபாதி முழுதாக இருந்தால்தான் எந்த மடிப்பு எதன்மேல் போகிறது என்று தைக்கும்போது பார்த்துக்கொள்ள முடியும். பை மாட்டாத தோள் எதுவோ அந்தப் பக்கத்தைப் பிரிப்பது நல்லது. அதுதான் குறைவாக உருமாறியிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கில் ஓடும் நூல் ஒன்றைப் பிடித்து அதன்மேல் சாக்கால் கோடு போட்டு, அந்தக் கோடு நேராக நிற்கும்படி நீராவி இஸ்திரி போட்டுப் பரப்பிய பிறகே காகிதத்தில் வரைய வேண்டும். முழங்கைப் புடைப்பைச் சுற்றி வரையாமல், மேலிருந்து மணிக்கட்டுவரை நேர்கோடாக வரைந்துவிடுங்கள். கழுத்து அளவைத் துணியிலிருந்து எடுக்காமல் உடம்பிலிருந்து எடுங்கள்.

அடுத்தது சுருக்கம். பழைய துணி சுருங்கி முடித்தது, புதுத் துணி இன்னும் சுருங்காதது. புதுத் துணியின் ஓரத்தில், அழியாத பேனாவால் 50 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, முழுத் துணியையும் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளவாக்கில் 48 செ.மீ. இருந்தால் 4 சதவீதம் போயிருக்கிறது. அலசாமல் வெட்டியிருந்தால் 70 செ.மீ. நீள அங்கியில் ஏறத்தாழ 3 செ.மீ. காணாமல் போயிருக்கும். அகலவாக்கில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே சுருங்கும் என்பதால், எல்லாப் பக்கமும் ஒரே அளவு கூட்டி வெட்டுவதும் சரிவராது.

துணியைப் பொறுத்தவரை, நெருக்கமாக நெய்த பருத்தி இந்த வேலைக்கு மிக நல்லது. சதுர மீட்டருக்கு 180 முதல் 250 கிராம் எடையில் பாருங்கள். 100 செ.மீ. மார்புள்ளவருக்குத் தலைவழி மாட்டும், தலைமூடி வைத்த, இடுப்புக்குக் கீழே இறங்கும் அங்கிக்கு 150 செ.மீ. அகலத்தில் 3 மீட்டர் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ந்த கடலில் விழும் விமானிகளுக்காக மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வுக்கூடத்தில் உருவான வென்டைல் இந்த வகைத் துணிதான். பூச்சு எதையும் நம்பாமல், நனைந்ததும் நீண்ட இழைப் பருத்தி உப்பி நெசவின் இடைவெளியை அடைப்பதுதான் அதன் சூட்சுமம். நனைந்தால் விறைக்கும், காய நேரமெடுக்கும். நைலான் விரைவில் காயும். ஆனால் தீப்பொறி பட்டால் ஓட்டை விழும்.

இப்படி உப்பும் துணியில் ஊசி ஓட்டை முழுதாக மூடாது. எனவே 80ஆம் எண் கூர்முனை ஊசி, பாலியெஸ்டர் நூல், 3 மி.மீ. நீளத் தையல். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பது தவறு. கனம் இழுக்கும்போது தபால்தலை ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு, ஒரு பக்கத்தைப் பாதியாக நறுக்கி, மற்றதை அதன்மேல் மடித்து ஜீன்ஸ் கால்போல இரட்டைத் தையல் போட வேண்டும். மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தங்காது. தோளின் உச்சியில் தையலே வேண்டாம். முன்பக்கத் துண்டிலிருந்து 5 செ.மீ. வெட்டிப் பின்பக்கத் துண்டோடு சேர்த்துவிட்டால் இணைப்பு முன்னால் இறங்கிவிடும். பையின் பட்டையும் அதன்மேல் உரசாது.

கைக்குழி விஷயத்தில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கை தாராளமாக அசையட்டும் என்று குழியை ஆழமாக வெட்டினால், கையைத் தூக்கியதும் அங்கி முழுதும் மேலே ஏறும். குழி அக்குளுக்கு அருகில் உயரமாக இருக்க வேண்டும்; அசைவுக்கான இடத்தை அக்குளில் வைக்கும் 12 செ.மீ. சதுரத் துண்டு கொடுக்கும். அந்தச் சதுரத்தின் மூலைகளில் தையல் விளிம்புவரை ஓடக்கூடாது. 1.5 செ.மீ. முன்பாகவே நிறுத்தி, முன்னும் பின்னும் இரண்டு தையல் போட்டு நூலை அறுங்கள். ஒரே ஒரு தையல் தாண்டினாலும் மூலையில் சுருக்கம் விழும். முதலில் கிழிவதும் அங்கேதான். பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்து, முன்பு எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நல்ல துணியில் கத்தரி வைக்க வேண்டாம்.

மார்புச் சுற்றில் உடம்பளவைவிட 20 முதல் 25 செ.மீ. கூடுதலும், கழுத்துத் திறப்பு 28 செ.மீ. ஆழமும் இருந்தால்தான் நனைந்த அங்கியைத் தலைவழி கழற்ற முடியும். தண்ணீர் இறங்காதிருக்கத் துணியில் மெழுகு பூசுவதாக இருந்தால் தைத்து முடித்த பிறகே பூச வேண்டும்.

கஃப்பின் மடிப்பு விளிம்புதான் எப்போதும் முதலில் தேயும். அதைக் கையோடு சேர்த்து மடிக்காமல், தனித் துண்டாக இரட்டைத் துணியில் தைத்து இணைத்துவிட்டால், பின்னால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மிஞ்சிய துணியைப் பெட்டியில் பத்திரமாக வைப்பதும் சரியல்ல. அங்கியைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துத் துவைத்து, அதே வெயிலில் காயப்போடுங்கள். ஒட்டுப்போட வேண்டிய நாளில் இரண்டின் நிறமும் ஏறக்குறைய ஒத்துவரும்.

இப்படிக்கு,
மேலங்கித் தையலில் ஈடுபட்டிருக்கும் வாசகர்