தாஜ்மஹாலின் படிக்கட்டு வரை: வட இந்தியச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று குழுவாக அழைத்துப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன டிசம்பரில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, உங்களில் ஒருவருடைய குழுவோடு எட்டு நாள் வடக்கே போய் வந்தேன். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு வேறு குழுக்களில் போனவர்களிடம் பேசிப் பார்த்தேன். பெயரை மாற்றிவிட்டால் பாதிப் பேருடைய கதை எங்கள் கதைதான். அதனால் இது உங்கள் எல்லோருக்கும் எழுதும் கடிதம்.

அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சின்ன வயதில் யார் வீட்டிலோ மாட்டியிருந்த காலண்டரில் தாஜ்மஹால் படம் பார்த்ததிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. போன வருடம் சீட்டுப் பணம் எடுத்ததும், "வளையல் வாங்கிக்கிறியாம்மா?" என்று கேட்டேன். "வளையல் எதுக்கு, என்னைத் தாஜ்மஹாலுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அப்படித்தான் உங்கள் நோட்டீஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சமையல்காரர்களுக்குக் கோயில் கட்டலாம். டெல்லிக் குளிரில் விடியற்காலை நாலரை மணிக்கு, ஹோட்டல் பின்கட்டில் கேஸ் அடுப்பை வைத்து, 38 பேருக்கு இட்லியும் மிளகு ரசமும் செய்து கொடுத்தார்கள். ஜெய்ப்பூரில் ஒரு பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது டூர் மேனேஜர் தம்பி ராத்திரி பதினொரு மணிக்கு மருந்துக்கடை தேடி ஓடினார். சொந்தப் பிள்ளை கூட அப்படிச் செய்யுமா தெரியாது. வயதானவர்களும், இந்தி தெரியாதவர்களும், தனியாக இருக்கும் அம்மாக்களும் அவ்வளவு தூரம் போய்வர முடிகிறது என்றால் அது உங்களால்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அந்த நன்றியோடுதான் மீதியை எழுதுகிறேன்.

ஆக்ரா நாளைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு டெல்லியில் பஸ் கிளம்பியது. பத்தரைக்கு ஆக்ரா. அம்மா புதுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பஸ் நின்ற இடம் ஒரு பளிங்குக் கடை.

அந்தக் கடையில் நடந்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வயதான கைவினைஞர் தரையில் உட்கார்ந்து, சின்னச் சாணைச் சக்கரத்தைக் கையால் சுற்றி, நகத்தில் பாதி அளவுள்ள சிவப்புக் கல்லை இதழ் வடிவத்துக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். பளிங்கில் அதே அளவுக்குக் குழி வெட்டி அதில் அந்த இதழைப் பதித்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டியதும் அந்தச் சிவப்பு இதழ் மட்டும் தணல் மாதிரி ஒளிர்ந்தது. அம்மா அசந்துபோனார். தையல்காரருக்குத் தெரியும், ஒரு வளைவு பிசகாமல் வருவதற்கு எவ்வளவு பாடு என்று. இதே வேலைதான் தாஜ்மஹால் சுவர் முழுக்க இருக்கிறது, ஒரு பூவுக்கே டஜன் கணக்கில் துண்டுகள் உண்டு என்றார்கள். அங்கே போய் அதைப் பார்க்கத்தான் அம்மா துடித்தார். ஆனால் கடையை விட்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. யாரும் எதுவும் வாங்காமல் எழுந்துபோனால் நன்றாக இருக்காது என்று அம்மா 1,800 ரூபாய்க்கு ஒரு குங்குமச் சிமிழ் வாங்கினார்.

சாப்பாடு முடிந்து தாஜ்மஹால் வாகன நிறுத்தத்துக்குப் போனபோது ஒன்றரை. "மூணு மணிக்கு எல்லாரும் பஸ்ல இருக்கணும்" என்றார்கள். பேட்டரி வண்டிக்கு ஒரு வரிசை, பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு வரிசை. உள்ளே தின்பண்டமோ புகையிலையோ கொண்டுபோகக் கூடாது என்பது பழைய விதி. அது எங்களில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் யாரும் சொல்லவும் இல்லை. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். அது என் பாட்டியின் பெட்டி. அங்கே மன்றாடித் திரும்ப வாங்கவே பத்து நிமிடம் ஆனது.

பெரிய சிவப்பு வாயிலின் இருட்டுக்குள் நுழைந்தோம். வளைவுக்கு நடுவில் முதலில் வெள்ளையாக ஒரு கீற்று, இன்னும் நாலு அடி வைத்ததும் முழுசாக. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் இடித்தது. அவர் நகரவில்லை. "இது கல்லாடி?" என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து சமாதி வரைக்கும் தோட்டம் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் நீளம். எனக்கு அது ஐந்து நிமிட நடை. அம்மாவுக்கு இருபது நிமிடம். நடுவில் இருக்கும் பளிங்கு மேடையில் கொஞ்சம் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்து, "சில்லுனு இருக்கு" என்று சிரித்தார். அப்புறம் மெல்ல எழுந்து மேலே ஏறும் படிக்கட்டு வரைக்கும் போனோம். காவலர் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். சமாதி இருக்கும் மேல்தளத்துக்கு ஏற 200 ரூபாய் தனி. 2018 டிசம்பரிலிருந்து இப்படித்தான். எங்களுக்கு வாங்கியிருந்தது 50 ரூபாய்ச் சீட்டு. உங்கள் நோட்டீஸில் "நுழைவுக் கட்டணம் அடக்கம்" என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை. நுழைந்தோம். ஆனால் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில், வலிக்கும் காலோடு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்த ஒரு அம்மா படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்தப் பூவேலையைச் சுவரில் பார்க்கவில்லை. கடைத் தட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததோடு சரி. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த 200 ரூபாயை நாங்களே கொடுத்திருப்போமே! குங்குமச் சிமிழுக்குக் கொடுத்ததில் ஒன்பது பேர் மேலே ஏறியிருக்கலாம்.

சாயங்காலம் ஆக்ரா கோட்டை. ஷாஜகானை 1658-இல் அவருடைய மகன் ஔரங்கசீப் அங்கே சிறைவைத்தார். எட்டு வருடம், 1666-இல் சாகும் வரைக்கும், அந்தக் கோட்டையிலிருந்து யமுனையின் வளைவுக்கு அப்பால் தெரியும் தாஜ்மஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கைடு சொன்னார். அம்மா அதே பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த ராஜாவும் என்னை மாதிரி எட்ட இருந்துதான் பார்த்திருக்காரு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த கைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாஜ்மஹாலைக் கட்டிய தொழிலாளிகளின் கைகளை வெட்டிவிட்டார்கள் என்று சொன்னார். யமுனைக்கு எதிர்க்கரையில் கறுப்புத் தாஜ்மஹால் கட்ட அஸ்திவாரம் போட்டார்கள் என்றும் சொன்னார். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. எதிர்க்கரை மெஹ்தாப் பாக் தோட்டத்தில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது பெரிய எண்கோணக் குளம். அங்கே கறுப்பாகத் தெரிந்த கற்கள் நிறம் மங்கிய வெண்பளிங்கு. வாசலில் குர்ஆன் வரிகளை எழுதிய அமானத் கான், தாஜ்மஹாலுக்குள்ளேயே தன் பெயரைப் பொறித்திருக்கிறார். ஒரு கலைஞன் கையெழுத்துப் போட இடம் கொடுத்த கட்டடம் அது. கீழேயிருந்து பார்க்கும்போது மேல் வரியும் கீழ் வரியும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று, மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். இதைச் சொன்னால் என் அம்மா ஒரு மணி நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். வெட்டின கைக் கதையைக் கேட்டுவிட்டுப் பாவம் பாவம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

டெல்லி நாளை நினைத்தால் இன்னொரு முகம் கண்முன் வருகிறது. எங்கள் குழுவில் சிவகங்கைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தபோது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அந்த ராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் 1945 நவம்பரில் வழக்கு விசாரணை தொடங்கியது செங்கோட்டைக்குள்தான். பிரேம் சாகல் பின்னாளில் மணந்துகொண்டது, அந்த ராணுவத்தின் பெண்கள் படைக்குத் தலைவியாக இருந்த நம் கேப்டன் லட்சுமியை. 2019-இல் கோட்டைக்குள் நேதாஜிக்கும் அந்த ராணுவத்துக்கும் ஒரு அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். பெரியவர் இந்த டூருக்குப் பணம் கட்டியதே அதற்காகத்தான். பையில் அப்பாவின் பழைய போட்டோ ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

நாங்கள் டெல்லியில் இருந்த ஒரே நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை.

பஸ்ஸை ஓரமாகப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். அவர் இரும்புத் தடுப்பின் ஓரமாக நின்று, போட்டோவைப் பையிலிருந்து எடுத்து, கோட்டையைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் டிக்கெட் போடும்போதே காலண்டரை ஒரு தடவை பார்த்திருக்கலாம். செங்கோட்டைக்குத் திங்கள், தாஜ்மஹாலுக்கு வெள்ளி. நினைவில் வைக்க வேண்டியது இரண்டே இரண்டு கிழமை.

குதுப் மினார் வளாகத்து இரும்புத் தூணுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி நோட்டீஸில் இருந்தது, இருட்டில் கடந்துபோனோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நன்றாக நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஜெய்ப்பூரில் ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடம். அங்கே வந்தவர் வேறு கைடு, உரிமம் பெற்றவர், நிதானமானவர். 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் என்ற நிழல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினார். உச்சிவேளை நெருங்கும் நேரம். நிழலின் விளிம்பு கைக்கெட்டும் உயரத்தில் பளிங்குக் கோடுகள் மேல் விழுந்திருந்தது. "யாரும் பேசாதீங்க, ஒரே நிமிஷம் இந்த நிழல் விளிம்பையே பாருங்க" என்றார். டூர் மேனேஜர் தமிழில் சொன்னார். பார்த்துக்கொண்டே நின்றோம். நிழல் நகர்ந்தது. கண் முன்னாலேயே, எறும்பு ஊர்வது மாதிரி. ஒரு நிமிடத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல். "பூமி சுத்துறதை இப்ப நீங்க கண்ணால பார்த்தீங்க" என்றார். பிறகு நிழல் காட்டும் நேரத்தையும் எங்கள் கைக்கடிகாரத்தையும் ஒப்பிடச் சொன்னார். கிட்டத்தட்ட அரை மணி வித்தியாசம். ஜெய்ப்பூரின் சூரியன் ஜெய்ப்பூரின் நேரத்தைத்தான் காட்டும், உங்கள் கடிகாரம் நாடு முழுமைக்குமான நேரத்தைக் காட்டுகிறது என்று விளக்கினார். சவாய் ஜெய்சிங் என்ற ராஜா கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துச் செய்த கருவி, முந்நூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் வேலை செய்கிறது. எங்கள் 38 பேரில் பள்ளிக்கூடம் போகாதவர்களும் இருந்தார்கள். அன்று ராத்திரி பஸ்ஸில் எல்லோரும் பேசியது அந்த நிழலைப் பற்றித்தான். அதற்கு ஆன நேரம் நாற்பது நிமிடம். காசு எதுவும் கூடவில்லை.

சரி, உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். திரும்பும் ரயிலில் டூர் மேனேஜர் தம்பியிடம் பேசினேன். "அக்கா, கடைக்குப் போகலைன்னா இந்த ரேட்டுக்கு டூர் போட முடியாதுக்கா. அந்தக் கமிஷன்லதான் பஸ் வாடகை கட்டுப்படி ஆகுது" என்றார். மறைக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை எங்களிடமும் சொல்லுங்களேன். கடை இல்லாமல் போனால் தலைக்கு எவ்வளவு கூடும் என்று போடுங்கள். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கூடினால், இன்னும் இரண்டு மாதம் சேர்த்துவைத்துக் கொடுப்போம். எங்களைப் போன்றவர்கள் இரண்டாவது தடவை போகப் போவதில்லை. கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் தாஜ்மஹாலைப் பார்த்த பிறகு போகலாம். சுவரில் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வருகிறவர், அதைச் செய்யும் கையையும் மதித்து வாங்குவார். அந்தக் கைவினைஞருக்கும் அதுதான் நல்லது.

ஆக்ராவில் ஒரு ராத்திரி தங்க வையுங்கள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னாலேயே தாஜ்மஹாலைத் திறக்கிறார்கள். நம் பெரியவர்கள் நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தானே. வெயில் இல்லை, கூட்டம் குறைவு, மெல்ல நடக்கலாம். 200 ரூபாய்ச் சீட்டையும் சேர்த்தே தொகையைச் சொல்லுங்கள். எதை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாள் ராத்திரியே பஸ்ஸில் மைக்கில் சொல்லிவிடுங்கள். தமிழ் தெரிந்த, உண்மையைப் படித்துவிட்டு வருகிற கைடுகளை நீங்களே தயார்செய்யுங்கள். முதலில் நாலு பேர் போதும். ஐந்து இடத்தைத் தொட்டுவிட்டு ஓடுவதற்குப் பதிலாக மூன்றே இடம் போதும் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வர வேண்டும். நோட்டீஸில் இடங்களின் எண்ணிக்கை குறைந்தால் ஆள் வரமாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். நான் வருவேன். அந்தச் சிவகங்கைப் பெரியவரும் வருவார், கிழமையைச் சரியாகப் போட்டால்.

போன வாரம் உங்கள் புது நோட்டீஸ் ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது. "நான்காம் நாள்: தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை, ஷாப்பிங், ஃபதேபூர் சிக்ரி, ஜெய்ப்பூர் புறப்பாடு." பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்து, "போகலாமா, உங்க அம்மா நல்லா இருந்துச்சுனு சொன்னாங்களே" என்று கேட்டார். அம்மா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார். குங்குமச் சிமிழை எடுத்துக் காட்டுகிறார். மேலே ஏறவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

அக்காவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த நான்காம் நாள் வரியில் தாஜ்மஹாலுக்கு எத்தனை மணி நேரம், எந்தச் சீட்டு என்று அடைப்புக்குறிக்குள் போட்டு அடுத்த நோட்டீஸை அச்சடியுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாவோடு வந்த ஒரு பயணி